அலை ஓயட்டும் என்றிருந்த ஆண்டுகள்

(மகாவீரர் ஜயந்தி விழாவின் மாலை அமர்வில், மாணவர்க்கு ஊக்கத்தொகை வழங்கிய பின் ஆற்றிய உரை. மேடைப் பேச்சின் போக்கு மாறாதவாறு எழுத்தில் தரப்படுகிறது.)

இளைஞர்கள் தம் தொழிலிலும் பணியிலும் உயர்ந்த குறிக்கோள் கொள்வது பற்றிப் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இத்தகைய தலைப்புக்குத் தொழிலதிபரையோ ஆட்சிப் பணியாளரையோ அழைப்பது வழக்கம். நான் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றே. துணிய வேண்டிய காலத்தில் துணியாமல் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைப் பற்றி மட்டும் ஓரளவு உரிமையோடு பேச இயலும்.

இன்று காலை ஊர்வலம் முடிந்து மண்டபத்துக்குத் திரும்புகையில் ஒரு பெண் என்னோடு நடந்து வந்தாள். பொறியியல் படித்தவள், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறாண்டுகளாகப் பணி செய்கிறாள். அவள் உள்ளம் அதில் இல்லை. சட்டம் படித்து வழக்கறிஞராக வேண்டும், நம் பக்கத்து ஏரிகளும் குன்றுகளும் தொடர்பான வழக்குகளை நடத்த வேண்டும் என்பது அவள் விருப்பம். "ஏனம்மா இன்னும் தொடங்கவில்லை?" என்று கேட்டேன். "ஏதாவது ஒன்று நடந்தால் துணிந்துவிடுவேன், அத்தை" என்றாள். என்ன நடக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அதுதான் எனக்கும் தெரியவில்லை" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நானும் அவ்வாறே சிரித்திருக்கிறேன். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிறு வயதில் அதைச் சோம்பேறிகளைப் பற்றிய பழமொழி என்று எண்ணியிருந்தேன். பின்னர்தான் அது உழைப்பாளிகளைப் பற்றியது என்று விளங்கிற்று. சோம்பேறி கரைக்கே வருவதில்லை. துண்டும் கையுமாகக் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பவன், முழுக வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புபவன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மணிலாவும் நெல்லும் பயிரிட்ட குடும்பம் எங்களுடையது. 1979-இல் கணிதத்தில் பட்டம் பெற்றேன். மறு ஆண்டில் திருமணம். 1983-இல் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையானேன். கல்லூரியில் கற்பிக்க வேண்டும், கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை பட்டப் படிப்பின்போதே எழுந்தது. எங்கள் ஊரிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி நினைத்ததில்லை என்பதால் அதை வெளியில் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மூத்தவள் பள்ளிக்குப் போகத் தொடங்கட்டும் என்றிருந்தேன். அவள் போனாள், இளையவன் பிறந்தான். வீட்டுக் கடன் தீரட்டும் என்றிருந்தேன். என் கணவருக்கு ஓரிடத்தில் பணி நிலைக்கட்டும் என்றிருந்தேன். ஒன்று முடிந்தால் அதன் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்துகொண்டது. இவற்றுள் எதுவும் பொய்க் காரணமன்று. மெய்யான காரணங்களே மனிதரை நெடுங்காலம் நிறுத்தி வைக்க வல்லவை.

1991-இல் என் தந்தையார் மறைந்தார். படுக்கையில் இருந்த இறுதி வாரத்தில், "நீ மேலே படித்திருக்கலாமே" என்று ஒரு முறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை; ஏதோ நினைவில் சொன்னார். அன்றிரவு நான் அழுத அழுகையில் ஒரு சபதம் இருந்தது. இதோ, நான் காத்திருந்த நிகழ்ச்சி வந்துவிட்டது, இனி என் வாழ்க்கை மாறிவிடும் என்று முழுமையாக நம்பினேன். முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பப் படிவத்தையும் வாங்கி வந்தேன்.

மூன்று மாதங்கள் கழித்து அந்தப் படிவம் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. நிரப்பவில்லை. துக்கம் ஆறிற்று, துக்கத்தோடு சேர்ந்து சபதமும் ஆறிற்று. ஒரு பெரிய நிகழ்ச்சி நம் உள்ளத்தைச் சூடாக்கும் என்பது மெய். சூடு தணிந்த பின் மறுநாட் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லித் தருவதில்லை. இதை நான் என் தந்தையின் மரணத்தில் கற்றேன் என்று சொல்ல எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது இதே காட்சியை உறவினர் வீடுகளில் கண்டேன். மடிக்கணினியோடு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து, இனிப் பழைய வாழ்க்கைக்குப் போகமாட்டோம், விருப்பமானதையே செய்வோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஐயமில்லை. இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலோர் பழைய நாற்காலிக்கே திரும்பினர். உலகத்தையே நிறுத்திய நிகழ்ச்சி கூட அவர்களைத் தொடங்க வைக்கவில்லை.

1994 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் தொடங்கினேன். அன்று என்ன நடந்தது என்று என் மாணவிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். முக்கோணவியலில் வழக்கமாக மாணவர்கள் செய்யும் பிழை ஒன்று. சிவப்பு மையால் வழக்கம்போல் சுழித்தேன். இதே பிழையைப் பதினோராவது ஆண்டாகச் சுழிக்கிறேன் என்று தோன்றிற்று. பீரோவைத் திறந்தேன். படிவம் பழையதாகிவிட்டிருந்தது. அஞ்சல்வழிக் கல்விக்குப் புதிய படிவம் கேட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். பின்னர் உலையில் அரிசி போட்டேன். அவ்வளவே அந்த நாளின் வரலாறு.

நேரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் இச்சபையில் இருப்பவர்களுக்கு வியப்பாக இராது. நம் வீடுகளில் ஆதவன் மறையுமுன் உணவு முடிந்துவிடுகிறது. என்னோடு பணிபுரிந்த ஆசிரியைகள் இரவு ஒன்பது மணி வரை அடுப்படியில் நிற்பதாகச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டு அடுப்படி ஆறரைக்கெல்லாம் கழுவித் துடைக்கப்பட்டிருக்கும். ஏழு முதல் பத்து வரை நாள்தோறும் மூன்று மணி நேரம். நம் முன்னோர் அகிம்சையின் பொருட்டு வகுத்த ஒழுக்கம் எனக்குத் தெரியாமலேயே எனக்கு அந்த மூன்று மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தது. பதினோர் ஆண்டுகளும் அது அங்கேயே இருந்தது. தொலைக்காட்சியும் அக்கம்பக்கத்துப் பேச்சும் அதை உண்டுகொண்டிருந்தன. (இன்று நகரத்தில் எத்தனை வீடுகளில் இவ்வொழுக்கம் நிற்கிறது என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. என் மகன் வீட்டிலேயே கேட்க இயலவில்லை.)

முதுகலை முடித்தேன். எம்.பில். முடித்தேன். விரிவுரையாளர் தகுதித் தேர்வில் இரு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேறினேன். 2001-இல், என் நாற்பத்திரண்டாம் வயதில், ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். நேர்காணலுக்குப் போன மற்றொரு கல்லூரியில், "இந்த வயதில் வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நேரிலேயே கேட்டார்கள். கோட்டுருவியலில் ஆராய்ச்சி செய்து 2009-இல் முனைவர் பட்டம் பெற்றபோது எனக்கு ஐம்பது வயது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான வயது என்றோ கடந்துவிட்டது. என் ஊதியத்திலிருந்தே கட்டணம் கட்டினேன். காத்திருந்ததால் இழப்பு ஒன்றுமில்லை, எல்லாம் அதனதன் காலத்தில் நடக்கும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறுதலை நான் ஏற்பதில்லை. பதினோர் ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தால் என் தந்தையார் இருந்தபோதே முதுகலைப் பட்டம் வந்திருக்கும். ஆராய்ச்சியில் நான் தொட்ட இடத்திலிருந்து இன்னும் சிறிது தொலைவு சென்றிருப்பேன்.

என் கதை போதும். நம் சமூகத்தார் அனைவரும் நன்றியோடு நினைக்கும் ஒருவர் கதைக்கு வருகிறேன்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் ஒரு நாளைக் குறிப்பிடுவார்கள். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் அன்று சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றில் நிறைவடையாமல், இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. அந்தக் கேள்வியே தமிழின் பழைய இலக்கியங்களை மீட்டது என்பது வழக்கமான பேச்சு. ஐயரும் அந்நாளைத் தம் வாழ்வின் திருப்பமாகவே போற்றினார்.

இதைக் கேட்டு வளர்ந்த நாம், நமக்கும் ஓர் இராமசாமி முதலியார் வருவார் என்று காத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சந்திப்பின் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பாருங்கள். அப்போது ஐயருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் 1876-இல் மறையும் வரை உடனிருந்து கற்றவர். அதே 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், தியாகராச செட்டியார் வகித்த இடத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகியிருந்தார். நல்ல பணி, நல்ல பெயர், மதிக்கும் மாணவர்கள். முதலியாரின் கேள்வியை ஒரு புன்னகையோடு மறந்துவிட்டு முப்பது ஆண்டுகள் சுகமாகக் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அக்காலத்தில் அத்தகைய கேள்வி வேறு புலவர் எவர் காதிலும் விழுந்ததே இல்லை என்றா நினைக்கிறீர்கள்?

கேள்விக்குப் பின் வந்தவை ஏழு ஆண்டுகள். சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, இத்துணை நூல்கள் கற்றவருக்கு அது விளங்கவில்லை. கதை புரியவில்லை, சமயச் சொற்கள் புரியவில்லை, நச்சினார்க்கினியர் உரை வேறு எட்டாத உயரத்தில் நின்றது. சைவ மரபில் வளர்ந்த அவர் கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். நம்மவர் அங்கே சிந்தாமணியைப் பொருளறிந்து படித்து வந்தனர். ஐயர் அவர்களிடம் மாணவர்போல அமர்ந்து கேட்டார். கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அவர் கேட்டறியும் ஆர்வத்தைப் பார்த்த சமண அம்மையார் ஒருவர், இவர் பவ்விய ஜீவனாகவே இருக்க வேண்டும் என்று கருதியதை ஐயரே தம் வரலாற்றில் மகிழ்ச்சியோடு பதிவு செய்திருக்கிறார். நம் சமூகத்துக்குக் கிடைத்த பெருமைகளுள் இதை நான் மிக உயர்வாக வைப்பேன். நம்மவர் அன்று மாணிக்கமோ பொன்னோ கொடுக்கவில்லை. திண்ணையில் இடம் கொடுத்தார்கள். கேட்டதற்கு விடை சொன்னார்கள்.

பகலில் கல்லூரி வகுப்பு. மாலையும் இரவும் ஏடு. ஊர் ஊராகச் சென்று பிரதிகள் தேடுதல், அவற்றை ஒப்பிட்டு வேறுபாடு குறித்தல், அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பம் வாங்குதல், விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத் தாள் திருத்துதல். 1887-இல் சிந்தாமணி அச்சேறியபோது ஐயருக்கு முப்பத்திரண்டு வயது. பின்னர் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் கற்பித்துக்கொண்டிருந்தபோதே வெளிவந்தவை. சென்னை மாநிலக் கல்லூரிக்கு அவர் மாறியது 1903-இல்தான். வேலையை விட்டுவிட்டு வந்து இதைச் செய்தார் என்று எண்ணுவோர் உண்டு. அவர் வேலையை விடவில்லை. இளைஞர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். துணிவு என்றாலே பணித் துறப்புக் கடிதம் எழுதுவது என்று இப்போது ஒரு கருத்து பரவியிருக்கிறது.

முதலியாரோடு நடந்த உரையாடல் எத்தனை நாழிகை இருந்திருக்கும்? அதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்குப் பின் வந்த ஏழாண்டு மாலைகளைத் தனித்தனியே எழுத யாராலும் இயலாது. அதனால்தான் கதையில் அந்த ஒரு நாள் மட்டும் நிற்கிறது.

நம் மரபில் நிமித்தம் என்றும் உபாதானம் என்றும் இரு காரணங்களைச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து தூண்டுவது நிமித்தம். ஒன்றாக மாறும் பொருளினுள்ளேயே இருக்கும் தகுதி உபாதானம். ஆதிபகவன் அரசவையில் நீலாஞ்சனை ஆடிய கதையைப் பாட்டிமார் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்தது. ஆட்டம் தடைபடாதபடி இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற மற்றொருத்தியை அங்கே நிறுத்தினான். பகவான் அந்த மாற்றத்தைக் கண்டு நிலையாமையை உணர்ந்து துறவு பூண்டார். சிறுமியாக இக்கதையைக் கேட்டபோது நான் கவனிக்காத ஒன்று உண்டு. அவையில் வேறு பலர் இருந்தனர். அவர்கள் கண்முன்னும் அதே ஆட்டம், அதே மரணம். அவர்கள் எதையும் அறியாமல் ஆட்டத்தை ரசித்துக்கொண்டே இருந்தனர். இன்று நாம் கொண்டாடும் வர்த்தமான மகாவீரருக்கோ, அவருடைய முப்பதாம் வயதுத் துறவுக்குக் காரணமாக இத்தகைய வெளி நிகழ்ச்சி எதையும் நமது மரபு சொல்வதில்லை. முற்பிறவி நினைவு உள்ளே எழுந்தது, புறப்பட்டார்.

வேலை, பதவி, தொழில் முதலிய உலகியல் காரியங்களுக்குத் துறவின் கதையை உவமையாக்கலாமா என்று சில பெரியோர்கள் புருவம் உயர்த்துவது மேடையிலிருந்தே தெரிகிறது. முறையான கேள்விதான். ஆசையைக் குறைக்கச் சொல்லும் அறத்தில் பிறந்துவிட்டு, பெரிய ஆசை கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? அதே ஆதிபகவனே துறவுக்கு முன் மக்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தார் என்பதை நினைவூட்டுகிறேன். வாளும் எழுத்தும் உழவும் அவர் வழி வந்தவை என்கிறோம். இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்டது பொருளுக்கு எல்லை வரையும் விரதம். அறிவுக்கும் திறனுக்கும் எல்லை வரையுமாறு எந்த விரதமும் சொல்லவில்லை. சேர்க்கும் பணத்தால் மட்டும் ஒரு பணியின் உயர்வை அளந்தால் பெரியோர்களின் ஐயம் சரியே. அந்த விஷயத்தில் நம் திருமணப் பேச்சுகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். மாப்பிள்ளை என்ன படைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுச் சம்பளம் எத்தனை இலட்சம் என்று கேட்கிறோம்.

நிகழ்ச்சியே இல்லாத ஒரு வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தின் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1880-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். இந்தியக் கல்விப் பணியைச் சேர்ந்தவர். அக்காலத்தில் நம் போன்ற சிறிய சமூகத்திலிருந்து அந்த இடத்தை எட்டியதே பெரிது. அத்தோடு நின்றிருந்தாலும் இன்று அவர் படம் நம் மண்டபத்தில் தொங்கியிருக்கும். அவரோ குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது. 1936-இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். 1941-இல் தமிழில் உள்ள சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூல். 1950-இல் சமயசாரத்தின் ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தபோது அவருக்கு எழுபது. இந்த வரிசையில் ஏதாவது திருப்புமுனை தென்படுகிறதா? நான் தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை. ஒரு நூல் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கத்தக்க கதை அதில் ஒன்றுமில்லை. அதனாலேயே அவரைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு ஓர் ஐயம். குந்தகுந்தர் தவம் செய்ததாக நாம் வணங்கும் பொன்னூர் மலைக்கு ஆண்டுதோறும் பேருந்து அமர்த்திப் போகிறோம். அவர் நூலை உலகம் படிக்கச் செய்தவரின் புத்தகம் நம் வீடுகள் எத்தனையில் இருக்கிறது?

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளைகள் காத்திருப்பதற்கு நாமும் பாதிக் காரணம். "இந்த ஆண்டு போகட்டும்" என்பது நம் வாயில் எளிதாக வரும் சொல். அதை அன்பினால் சொல்கிறோம். என் மாமியார் சொன்னதும் அன்பினால்தான். பின்னாளில் என் தேர்வு நாட்களில் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவரே. அவர் முதலில் மறுத்ததற்கு ஒரு காரணம் உண்டு என்பது நெடுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. நான் அவரிடம் முழுமையாகக் கேட்டதே இல்லை. "படிக்கலாமா என்று பார்க்கிறேன்" என்று மட்டும் பதினோர் ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு, சனிக்கிழமைகளில் வகுப்பு உண்டா, அன்று யார் சமைப்பது என்று ஒரு தாளில் எழுதி அவர் முன் வைத்த அன்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "சனிக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். தெளிவில்லாத ஆசைக்கு யாரால் இசைவு தர முடியும்?

என் முயற்சி யாருக்கும் வலி தரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இந்த மேடையில் பொய் சொல்லக் கூடாது. மூத்த மகளின் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டும் என் எம்.பில். ஆய்வேட்டின் ஆண்டும் ஒன்றாக வந்தன. அவளுக்கு நான் தேவைப்பட்ட இரவுகள் சிலவற்றில் என் முன் ஆய்வேடு இருந்தது. அவள் அதை ஒரு முறை என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். நான் முன்னரே, அவள் சிறுமியாக இருந்தபோதே தொடங்கியிருந்தால் அந்த மோதல் நேர்ந்திராது. தள்ளிப்போட்ட வேலை நம் வசதியைப் பார்த்துத் திரும்பி வருவதில்லை.

ஊக்கத்தொகை பெற்ற மாணவர்களே, உங்களில் சிலருக்கு உங்கள் படிப்பில் விருப்பம் இருக்கும். சிலருக்கு வேறொன்றில் இருக்கும். வேறொன்றில் இருப்பவர்கள் உடனே எல்லாவற்றையும் உதறுங்கள் என்று நான் சொல்லவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்றாலும், காற்று வருமுன் அறுத்துப் போரடித்துக் களத்தில் குவித்திருக்க வேண்டும். குவியல் இல்லாதவனுக்கு எந்தக் காற்று வந்தும் பயனில்லை. எங்கள் அம்மா காற்றில்லாத நாளில் முறத்தை எடுத்து விசிறிக்கொண்டு தூற்றியதையும் கண்டிருக்கிறேன். கை வலிக்கும், நேரம் கூடுதலாகும். ஆயினும் மாலைக்குள் பதர் நீங்கிய நெல் வீட்டுக்கு வந்துவிடும்.

காலையில் என்னோடு நடந்து வந்த பெண் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். பெயரைச் சொல்லிச் சங்கடப்படுத்தமாட்டேன். பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. அதன் விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள், சேமிப்பில் எத்தனை மாதம் தாங்கும், வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் வராது என்று நினைக்கிறேன்.

மணி ஐந்தே முக்கால். ஆதவன் மறையுமுன் பந்தி முடிய வேண்டும் என்று பொறுப்பாளர் இருமுறை கையசைத்துவிட்டார். சென்னைப் பேருந்து எட்டரைக்குத்தான் வருகிறது, அம்மா. உணவு முடிந்ததும் மண்டபத்தின் வடக்குத் திண்ணைக்கு வா. தாளும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன.